சிவப்பு வட்டம்

அத்தியாயம் 9

‘வள்ளி நகர் சொந்தங்கள்’ வாட்ஸ்அப் குழுவுக்கு இருபது விநாடி வீடியோ ஒன்றை அனுப்பிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் திவ்யா படுக்கப் போனதோடு போன வாரம் நின்றோம். அன்று அவளுக்கு நல்ல தூக்கம். செய்தது தப்பு என்று தெரியாதவரை எல்லோருக்கும் நல்ல தூக்கம்தான் வருகிறது.

வீடியோவில் இருந்தது இவ்வளவுதான். விளாங்குடி வள்ளி நகர் மூன்றாவது தெருவில் ஜெயபாண்டியின் மாவுக்கடை. வெள்ளிக்கிழமை மதியம். ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. வாடாமல்லி நிறச் சேலை கட்டிய ஒருத்தி குனிந்து வெளியே போகிறாள். கையில் எவர்சில்வர் தூக்குவாளி. அந்த வாளியைச் சுற்றித் திவ்யா சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தாள். கீழே ஒரு வரி: ‘கடை வாளி காணாமல் போவது இப்படித்தான். உஷார் மக்களே!’

அந்த வாளியைத் தெரியாதவர்கள் தெருவில் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்பு கடைக்கு மேலே மாடி எடுத்துப் பால் காய்ச்சியபோது, மொய் எழுதிச் செய்முறை செய்ய வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு தூக்குவாளி கொடுத்தார் ஜெயபாண்டி. ‘ஜெயபாண்டி – முத்துமீனா இல்லப் புதுமனை புகுவிழா’ என்று பேர் வெட்டிய வாளி. மிஞ்சிய ஒரு டஜன் கடை அலமாரிக்கு வந்தது. பிளாஸ்டிக் கவரில் மாவு கொடுப்பதை நிறுத்திய பிறகு, பாத்திரம் கொண்டு வராதவர்களுக்கு அதுதான் இரவல் வாளி. இன்று மாவோடு வாங்கிப் போனால் நாளைக்குக் கழுவித் திருப்பி வைக்க வேண்டும்.

நாலைந்து மாதமாகத்தான் டஜன் குறைந்துகொண்டே வந்து அரை டஜனில் நின்றது. அது எட்டாகக் குறைந்தபோதுதான் கேமராவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முத்துமீனா கடைக்குள் உட்கார்ந்து இட்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள். மாடிப்படியில் இறங்கும்போதே ஜெயபாண்டி பேச ஆரம்பித்துவிட்டார்.

“மீனா, இங்க பாரு. நாப்பத்தேழு பேரு பதில் போட்ருக்கான். கைதட்டுற பொம்மை என்ன, கும்புடுற பொம்மை என்ன!”

“எதுக்குங்க?”

“பாருங்குறேன்ல.”

முத்துமீனா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். முதலில் அவளுக்குத் தெரிந்தது சேலைதான். அது அவள் கட்டிவிட்டுக் கொடுத்த பழைய சேலை. பிறகு அந்தப் பெண்ணின் முதுகு. பிறகு வாளி.

போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“இது நம்ம செல்லத்தாயில்ல?”

“அவளேதான். நம்ம ஊர்க்காரியாச்சேன்னு கடைப்பக்கம் வரப்போக விட்டோம் பாரு, அதுக்குக் கிடைச்ச மருவாதி.”

“ஏங்க, அது அவ சொந்த வாளியா இருந்தா?”

“அவளுக்கு ஏது நம்ம வாளி? செய்முறை செஞ்சவுகளுக்குல்ல குடுத்தோம்? அவ அன்னைக்குப் பின்னாடி உக்காந்து பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்தா. கூலி குடுத்தாச்சு, சோறு போட்டாச்சு. வாளி வேற குடுப்பாகளா?”

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். முத்துமீனா வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் ஒரு பைக் வந்து நின்று, “அண்ணே, ரெண்டு கிலோ மாவு!” என்றது. ஜெயபாண்டி போய்விட்டார். அவள் வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடியதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

முத்துமீனாவிடம் சொல்ல இரண்டு விஷயங்கள் இருந்தன.

ஒன்று, அந்த வாளியைக் கொடுத்தது அவள்தான். பால் காய்ச்சிய அன்று, அண்டா அண்டாவாகத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு எழுந்த செல்லத்தாயின் கையில், கொல்லையில் வைத்து யாருக்கும் தெரியாமல் ஒரு வாளியைத் திணித்தாள். “அக்கா, எனக்கா?” என்று செல்லத்தாய் இரண்டு தரம் கேட்டாள்.

இரண்டாவது விஷயம்தான் பெரியது. எட்டு மாதமாக முத்துமீனாவுக்கு வலது மணிக்கட்டு வேலை செய்யவில்லை. கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவ முடியாது. வேலைக்கு ஒரு ஆள் வைப்போமா என்று கேட்டபோது ஜெயபாண்டி கடைப் பலகையைக் காட்டினார். ‘வீட்டுப் பெண்கள் கையால் அரைத்த மாவு’ என்று பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. “எண்ணெய் தேச்சுக்க, சரியாப் போயிரும்” என்றார். எண்ணெய்க்கு அது சரியாகவில்லை. அதனால் செவ்வாயும் வெள்ளியும் மதியம், ஜெயபாண்டி சாப்பிட்டு மாடியில் கண் அசரும் நேரத்தில், செல்லத்தாய் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வருவாள். இரண்டு கிரைண்டரின் கற்களையும் கழற்றிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தன் வாளியில் மாவு வாங்கிக்கொண்டு போவாள்.

கேமரா மாட்டிய பிறகும் அது நடந்தது. கிரைண்டர் இருப்பது உள்ளறையில், கேமரா பார்ப்பது வாசலை. அதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்று முத்துமீனா இருந்துவிட்டாள்.

கணவனுக்குப் பயந்துதான் மறைத்தாள் என்று நாம் அவளைத் தப்பவிட்டுவிடலாம். அது பாதி உண்மை. செல்லத்தாயின் அம்மா, அலங்காநல்லூர்ப் பக்கம் ஜெயபாண்டியின் அப்பா வயலில் நாற்று நட்டவள். இப்போது அந்த வயலும் இல்லை, இரண்டு குடும்பமும் விளாங்குடிக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. ஆனாலும் செல்லத்தாய் எந்தச் சாதி என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வதற்குப் பெயர்தான் டவுன் வாழ்க்கை. மாவரைக்கும் கல்லை அவள் கழுவுகிறாள் என்று வெளியே தெரிந்தால் யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். “இன்னைக்கு உப்புமாதான்க்கா” என்று சிரித்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போவார்கள். முத்துமீனா பயந்தது அந்தச் சிரிப்புக்கு.

அந்தப் பயத்தை அவள் தன்னிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை. ‘அக்கான்னே கூப்புடு’ என்று செல்லத்தாயிடம் சொல்லியிருந்தது போதும் என்று நினைத்திருந்தாள்.

* * *

பத்து மணிக்குக் கடையில் நல்ல கூட்டம். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்குத் தோசை ஊற்றாத வீடு மதுரையில் குறைவு. ஏழு பேர் வாளியும் சட்டியுமாக நின்றார்கள். ஜெயபாண்டியின் அக்கா முருகம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீடு தெருக்கோடியில். தினம் வருவாள், வெறுங்கையோடுதான் வருவாள். தம்பி கடைக்குப் பாத்திரம் எதற்கு?

“நானும் பாத்தேன் மீனா. எம்புட்டுத் தைரியமா எடுத்துட்டுப் போறா! கேமரா இல்லாட்டி கடையவே தூக்கிருப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்த முருகம்மாள் பாதியில் நிறுத்தினாள்.

செல்லத்தாய் வந்து நின்றாள். வேலைக்குப் போன இடத்திலிருந்து நேராக வந்திருந்தாள், முழங்கை வரை சோப்பு நுரை காய்ந்திருந்தது. இடுப்பில் அந்த வாளி.

ஏழு பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அப்படி வழிவிடுவதில் ஒரு அவமரியாதை இருக்கிறது, பட்டவர்களுக்குத்தான் அது தெரியும்.

“அண்ணே, டீச்சரம்மா போனைக் காட்டி இது நீதானன்னு கேட்டாக. நான்தான்னு சொன்னேன். நாளையிலருந்து வராதன்னுட்டாக” என்றாள் செல்லத்தாய். குரல் நடுங்கவில்லை. “அவுக எதுத்த மாடி வீட்லயும் அதையே சொல்லிட்டாக.”

ஜெயபாண்டி தராசைப் பார்த்துக்கொண்டே, “நான் யாரையும் பேர் சொல்லிப் போடலையே” என்றார்.

“பேரு எதுக்குண்ணே? அதான் வட்டம் போட்ருக்கே.”

யாரோ இருமினார்கள். செல்லத்தாய் வாளியைக் கல்லா மேசையில் வைத்துவிட்டு முத்துமீனா பக்கம் திரும்பினாள்.

“அக்கா, இந்த வாளி எனக்கு எப்புடி வந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாக. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் பாட்டுக்குப் போயிருவேன்.”

ஒரே ஒரு வார்த்தை. ‘நான்தான் கொடுத்தேன்.’ இத்தனை நாள் கல் கழுவியவள், கல்லைப் பற்றி ஒரு பேச்சுப் பேசவில்லை. அதைச் சொல்லச் சொல்லியும் கேட்கவில்லை. முத்துமீனாவின் மானத்தைத் தன் வாயில் பூட்டி வைத்துக்கொண்டு, தன் மானத்தை மட்டும் கேட்டாள்.

முத்துமீனா அந்த ஏழு பேரையும் பார்த்தாள். கொடுத்தேன் என்றால், எதற்குக் கொடுத்தாய் என்பார் கணவர். மதியம் கடைக்குள் அவளுக்கு என்ன வேலை என்பாள் மதினி முருகம்மாள். ஒன்றிலிருந்து ஒன்றாக எல்லாம் வெளியே வந்துவிடும்.

“எனக்கு... ஞாபகம் இல்லையே செல்லத்தாயி” என்றாள்.

சொன்ன மறுகணமே காது இரண்டும் சுட்டது. அந்த வார்த்தையைத் திரும்பப் பிடித்து விழுங்கிவிடலாம் போல இருந்தது. விழுங்கவில்லை.

செல்லத்தாய் அவளைப் பார்த்தாள். கோபம் வந்தால்கூடத் தேவலை. அவளுக்கு வந்தது ஆச்சரியம்.

“சரிக்கா” என்றாள். “உங்க பேரு போட்ட வாளி. நீங்களே வச்சுக்கங்க.”

வாளியை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

“பாத்தியா, தானாக் கொண்டாந்து குடுத்துட்டா. கேமரான்னா சும்மாவா!” என்றாள் முருகம்மாள். இரண்டு பேர் சிரித்தார்கள். முத்துமீனா குனிந்து மாவு அள்ளினாள். ஒரு கிலோ கேட்டவருக்கு இரண்டு கிலோ ஊற்றினாள்.

* * *

மாடியில் திவ்யாவுக்கு அன்று விடுமுறை. கண் ஆஸ்பத்திரி ஒன்றில் ரிசப்ஷனில் இருக்கிறாள், வயது இருபத்து மூன்று. போனில் எது செய்யவும் ஐந்து நிமிடம் போதும் என்று அப்பாவுக்கு அவளைப் பற்றிப் பெருமை.

குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: ‘முழு வீடியோ இருந்தால் போடுங்கள்.’ போட்டால் ஆயிற்று என்று திவ்யா வெள்ளிக்கிழமைப் பதிவைத் திறந்தாள். முதல் நாள் அவள் பார்த்தது வேகமாக ஓட்டிய வீடியோ. ஷட்டருக்கு அடியில் வாளியோடு யார் போகிறார்கள் என்பதை மட்டும்தான் தேடினாள், கிடைத்ததும் வெட்டி எடுத்துக்கொண்டாள். இப்போது நான்கு நிமிடம் பின்னால் போய் மெதுவாக ஓடவிட்டாள்.

மதியம் இரண்டு முப்பத்தெட்டு. உள்ளறையிலிருந்து செல்லத்தாய் வருகிறாள், சேலை நுனியெல்லாம் ஈரம். பின்னாலேயே அம்மா வருகிறாள். அலமாரியிலிருந்து அல்ல, செல்லத்தாய் காலடியில் இருந்த வாளியை அம்மாதான் எடுக்கிறாள். மாவு ஊற்றுகிறாள். மூடியை அழுத்தி மூடி, இரண்டு கையாலும் கொடுக்கிறாள். செல்லத்தாய் ஏதோ சொல்ல, அம்மா சிரிக்கிறாள்.

திவ்யா வீடியோவை அப்படியே நிறுத்தினாள். கீழே பத்து மணிக்கு நடந்ததை அவள் பால்கனியில் நின்று கேட்டிருந்தாள். ‘ஞாபகம் இல்லையே’ என்ற அம்மாவின் குரலையும் கேட்டிருந்தாள்.

அம்மா பொய் சொன்னது ஒரு பக்கம். நான்கு நிமிடம், வெறும் நான்கு நிமிடம் பின்னால் போய்ப் பார்க்காமல் ஒரு மனுஷியைச் சுற்றி வட்டம் போட்டது தன் விரல் என்பது இன்னொரு பக்கம். வட்டம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று மஞ்சள் கூடாது, சிவப்புதான் வேண்டும் என்று தேடித் தேடிப் போட்டிருந்தாள்.

அப்படியானால் மற்ற வாளிகள்? அவள் ஒவ்வொரு நாளாக ஓட்டினாள். கேமரா மாட்டிப் பன்னிரண்டு நாள்தான். இந்தப் பன்னிரண்டு நாளில் இரண்டு வாளி போயிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஒன்று. அதற்கு முந்தின சனிக்கிழமை ஒன்று. இரண்டையும் எடுத்துக்கொண்டு, அப்பாவிடம் சிரித்துப் பேசிக்கொண்டே போவது அத்தை முருகம்மாள். அதற்குப் பிறகு அவள் எதையும் திருப்பிக் கொண்டுவரவே இல்லை.

* * *

ஒன்றரை மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கினார் ஜெயபாண்டி. திவ்யா இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் போனை அவர் முன்னால் வைத்தாள். முதலில் வெள்ளிக்கிழமை. பிறகு அத்தை.

அவர் இரண்டையும் பார்த்தார். முத்துமீனா மாவு அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்காவோடத அழிச்சிரு” என்றார் முதலில்.

“அப்பா!”

“அக்கா எடுத்தா அது எடுத்ததா? நம்ம வீட்டு வாளி நம்ம வீட்லதான இருக்கு? போய் ஒரு சத்தம் குடுத்தா திருப்பித் தந்துரும்.”

“செல்லத்தாயி அக்காகிட்டயும் ஒரு சத்தம் குடுத்துக் கேட்டுருக்கலாம்ல? ஏன் கேக்கல? என்னைய ஏன் வட்டம் போடச் சொன்னீங்க?”

பதில் இல்லாதபோது ஆண்கள் செய்வதை ஜெயபாண்டியும் செய்தார், மனைவி பக்கம் திரும்பினார்.

“நீ எதுக்கு அவளுக்கு மாவு ஊத்துற? உள்ள அவளுக்கு என்ன சோலி?”

முத்துமீனா சொன்னாள். வாளி கொடுத்ததைச் சொன்னாள், மணிக்கட்டைச் சொன்னாள், கல்லைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் பார்வை உள்ளறையில் கவிழ்த்து வைத்திருந்த கற்களுக்குப் போனது.

“எம்புட்டு நாளா?”

“எட்டு மாசமா.”

“நம்ம வீட்ல தின்னதும் அந்தக் கல்லு மாவுதானா?”

“அதேதான். ஒன் கைக்கு மாவு இப்பத்தான் பூ மாதிரி பொங்குதுன்னு சொல்லிச் சொல்லித் தின்னீக.”

திவ்யாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது. வாளி போனதைவிட, பொய் சொன்னதைவிட, அவருக்கு உறைத்தது கல்லுதான் என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தன் அப்பா இப்படி என்று அவளுக்கு இதற்கு முன் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ளாமல் இருந்தாள்.

“வீடியோவ அழிச்சிரு. ரெண்டையுமே அழிச்சிரு. ரெண்டு நாள்ல எல்லாம் மறந்துருவாங்க” என்றார் ஜெயபாண்டி. “கல்லு வெசயம் இந்த ஷட்டரைத் தாண்டக் கூடாது.”

குழுவில் போட்டதை மட்டும் திவ்யா அழித்தாள். அழித்த பிறகு பார்த்தால், வீடியோ அடுத்த இரண்டு தெருக் குழுக்களுக்குப் போயிருந்தது. கீழே இருந்த வரியை யாரோ மாற்றி, ‘விளாங்குடியில் உலவும் திருடி’ என்று ஆக்கியிருந்தார்கள்.

* * *

மூன்று மணி வெயிலில் முத்துமீனா அந்த வாளியை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் ரோட்டைத் தாண்டி, ரயில் பாதை ஓரமாக நடந்தாள். செல்லத்தாயின் வீட்டுக்கு அவள் இதுவரை போனதில்லை. வழி கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அக்கா என்று கூப்பிடுகிறவளின் வீட்டுக்கு வழி கேட்டுப் போவது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

செல்லத்தாய் வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை.

“செல்லத்தாயி, நான் பண்ணுனது தப்பு.”

செல்லத்தாய் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

“அம்புட்டுப் பேரு முன்னாடி எனக்கு வாய் வரல. பயந்துட்டேன். நீ இதை எடுத்துக்க. மன்னிச்சுக்க.”

செல்லத்தாய் மடித்த சேலையைப் பக்கத்தில் வைத்தாள். அந்த வாடாமல்லிச் சேலைதான்.

“அக்கா, எனக்கு அங்க என்னா வெக்கம்னு தெரியுமா? அவுக திருடின்னு சொன்னது இல்ல. டீச்சரம்மா என் பைய வாங்கி உள்ள பாத்தாக. அதுகூட இல்ல. எங்கக்கா சொல்லும், வாங்க கடைக்குன்னு அவுகள்ட்ட நான் தைரியமாச் சொல்லிட்டு வந்தேன்க்கா. திரும்பிப் போயி என்னான்னு சொல்ல?”

முத்துமீனாவுக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது. அழ வேண்டியவள் அழாமல் உட்கார்ந்திருக்கும்போது தான் அழுவது என்ன நியாயம்?

“நான் டீச்சர் வீட்ல வந்து சொல்றேன். இப்பவே வாரேன்.”

“எனக்கு மட்டும் தெரிஞ்சதை எங்கிட்ட வந்து சொல்றீக. டீச்சரம்மாகிட்ட மெதுவாச் சொல்வீக. கடையில ஏழு பேரு நின்னாகள்ல, அவுககிட்ட யாரு சொல்றது? போன்ல பாத்தவுகளுக்கு யாரு சொல்றது?” செல்லத்தாய் எழுந்து துணிகளை அள்ளிக்கொண்டாள். “எங்க வச்சு இல்லைன்னு சொன்னீகளோ, அங்க வச்சுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் வாளிய வாங்கிக்கிறேன். இப்ப எடுத்துட்டுப் போங்க.”

வந்த வழியே வாளியோடு திரும்பினாள் முத்துமீனா. வாளி காலியாகத்தான் இருந்தது. வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றி மாற்றித் தூக்கினாள்.

* * *

ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி மாவுக்கடைக்குத் திருவிழா நேரம். திங்கட்கிழமைக் காலை இட்லிக்கு எல்லா வீட்டுச் சட்டியும் வந்துவிடும். காலையில் நின்றவர்களில் ஐந்து பேர் மறுபடியும் வந்திருந்தார்கள், புதிதாகப் பத்துப் பன்னிரண்டு பேர். முருகம்மாள் அதே நாற்காலியில், அதே வெறுங்கையோடு.

முத்துமீனா முதல் வாளிக்கு மாவு ஊற்றவில்லை. கரண்டியை அண்டாவில் விட்டுவிட்டு, செல்லத்தாயின் வாளியை எடுத்துக் கல்லா மேசையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

“எல்லாரும் செத்த நேரம் கேளுங்க.”

“மீனா” என்றார் ஜெயபாண்டி, மெதுவாக. அந்த மெதுவை அவள் இருபத்தைந்து வருடமாக அறிவாள்.

“இந்த வாளி செல்லத்தாயிது. நான்தான் குடுத்தேன், பால் காச்சுன அன்னைக்கு. வெள்ளிக்கிழமை அதுல மாவு ஊத்திக் குடுத்ததும் நான்தான். காலையில ஞாபகம் இல்லைன்னு சொன்னது பொய்யி. ஞாபகம் இருந்துச்சு.”

காலையில் சிரித்த இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். செல்லத்தாய் கேட்டது இவ்வளவுதான். ஆனால் முருகம்மாள் கேட்டுவிட்டாள்:

“சும்மா எதுக்கு அவளுக்கு மாவு? மதியத்துல இங்க அவளுக்கு என்ன வேலை?”

முத்துமீனா கணவரைப் பார்த்தாள். அவர் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று.

“என் கைக்கு முடியல மதினி. எட்டு மாசமா நம்ம கிரைண்டர் கல்லைக் கழுவுறது அவதான். இங்க நிக்கிற எல்லாரு வீட்டு இட்லியும் அவ கழுவுன கல்லுல அரைச்சதுதான். சும்மா குடுக்கல. அவ வேலைக்குக் குடுத்தேன். அதையும் மறைச்சுக் குடுத்தேன். வெளிய சொன்னா நீங்க வாங்க மாட்டீகளோன்னு பயந்து மறைச்சேன். அதான் எனக்கு வெக்கமா இருக்கு.”

சொல்லி முடித்ததும் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மாள் தன் சட்டியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே இன்னொருத்தர். ஜெயபாண்டி அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வரிசையில் முன்னால் நின்ற தங்கப்பொண்ணு, வாழைக்காய் பஜ்ஜி போடுகிறவள், தன் வாளியை முன்னால் தள்ளினாள்.

“சரிக்கா, மூணு கிலோ ஊத்துங்க. அடுப்புல எண்ணெய் காயுது.”

மற்றவர்கள் நின்றார்கள். போகவும் இல்லை, வாளியை நீட்டவும் இல்லை.

படியில் நின்றிருந்த திவ்யா கையில் போனோடு இறங்கி வந்தாள். அம்மா பேசியது மொத்தமும் கேமராவில் பதிவாகியிருந்தது.

“அம்மா, இதைக் குரூப்ல போடவா? மத்த ரெண்டு குரூப்லயும் போடணும்.”

“போடு.”

“வெட்டவா?”

“ஒரு வார்த்தை வெட்டாத.” முத்துமீனா கரண்டியைக் கையில் எடுத்தாள். “அன்னைக்கு வட்டம் போட்டேல்ல, அதே மாதிரி போடு. என்னையச் சுத்திப் போடு.”

திவ்யாவின் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு அதே சிவப்பைத் தேடி எடுத்தாள். வட்டத்துக்குள் அம்மாவும் வாளியும் வந்தார்கள். கீழே அவள் ஒரு வரி எழுதினாள்: ‘அந்த வட்டத்தைப் போட்டது நான். திவ்யா.’ அனுப்பினாள்.

வரிசையில் நின்றவர்களின் போன்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. ஜெயபாண்டியின் சட்டைப் பையிலும் ஒன்று. பழக்கதோஷத்தில் அவர் அதை எடுத்து, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். முதல் பதில் டீச்சர் வீட்டிலிருந்து.

“‘செல்லத்தாயிடம் நானே போய்ப் பேசுகிறேன். தப்பு என் மேலும்தான். அப்படியானால் அந்த ஆறு வாளியை எடுத்தது...’”

அவர் குரல் அங்கேயே நின்றுவிட்டது. திவ்யாவின் போனில் அக்கா வாளி எடுத்த அந்த இரண்டு வீடியோவும் அழியாமல் இருப்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்க்கவில்லை.

அவள் பார்த்தது அலமாரியை. அங்கே முருகம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து, வழக்கம்போல ஏழாவது வாளியின் கைப்பிடியில் கை வைத்திருந்தாள். கூட்டம் மொத்தமும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.